அரண்மனைக்கு வந்த வயலின்

கேள்வி: பீத்தோவன் காலத்தில் நம் கரிசல் சீமையில் வயலின் வாசித்தவர் உண்டா? (வாசகர், எப்போதும்வென்றான்)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, எட்டயபுரம் அரண்மனையில் இருந்தார் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. மணலியில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடி. வயலின் முன்னோடியாகத் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவை நினைக்கிறவர்கள் இவரை மறப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஐரோப்பாவில் நின்று வாசிக்கும் கருவி, இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. வயலினின் தலை வலது பாதத்தில் ஊன்றியிருப்பதைக் கச்சேரியில் கவனியுங்கள். பிடிக்கும் வேலை இல்லாத இடக்கை, சுரங்களை அசைத்து இழைக்கும் கமகத்துக்காகத் தந்தியில் தாராளமாக வழுக்கும். எட்டயபுர மன்னர்கள்மேல் பாலுசுவாமி உருப்படிகளும் செய்தார். அவற்றைச் சுரப்படுத்திக் காப்பாற்றியவர், மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். அவற்றை அவர் பதிவு செய்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற நூல் 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சானது.