புல்லாங்குழல் பயிலத் தொடங்குவோர்க்கு

கொலன்னாவையிலும் வெள்ளவத்தையிலும் விஜயதசமியன்று குழலைக் கையிலெடுக்கும் அன்பர்கள் கவனிக்கத்தக்கவை:

• விரல் எட்டாத நீண்ட குழலை விடுத்து, துளைகளைச் சிரமமின்றி மூடத்தக்க குட்டைக் குழலையே முதலில் தேர்ந்துகொள்க.

• துளைகளை மூடாமலே, முகரந்திரமாகிய ஊதுதுளையின் எதிர்விளிம்பில் காற்றுப் பட்டுப் பிளக்கும்படி மெல்ல ஊதி, நாதம் நிலைபெற்ற பின்னரே விரல்களுக்கு வேலை கொடுத்தல் நலம். தலை சுற்றினால் சற்றே ஓய்வு கொள்க.

• விரல் நுனியாலன்றிச் சதைப்பகுதியால் மூடினால் காற்றுக் கசியாது; எட்டுத் துளைக் கர்நாடகக் குழலில் முதலிரண்டு துளைகளை மூட ஷட்ஜம் பிறக்கும்.

• தம்பூராச் சுருதியோடு ஸ்வரவரிசைகளை முதற்காலத்தில் நிதானமாக அப்பியசித்து, குழலிசைக் கலைஞர் மாலி என்னும் டி. ஆர். மகாலிங்கத்தின் (1926–1986) இசைப்பதிவுகளையும் கேட்டுவருக.

• மூங்கிலாதலின் வெயிலில் வைத்தல் ஆகாது. வாசித்தபின் உள்ளீரத்தை மெல்லிய துணியால் துடைத்துவைக்க.