16 ஜி.பி. – ஒரே ஸ்டிக்கா, இரண்டு ஸ்டிக்கா?



கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "ராம் எவ்வளவு சார்?" என்பதுதான். கடைக்காரரும் 8 என்பார், 16 என்பார். அந்த 16 ஜி.பி. ஒரே ஸ்டிக்காக இருக்கிறதா, எட்டும் எட்டுமாக இரண்டு ஸ்டிக்காக இருக்கிறதா என்று கேட்கிற ஆள் ரொம்ப அபூர்வம். கேட்டாலும் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, மொத்தம் பதினாறு" என்று பதில் வரும். மொத்தம் பதினாறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒண்ணு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அதிலும் குறிப்பாக, கம்பெனியே முழுசாகப் பூட்டி, கண்ணாடிக் கதவும் கலர் லைட்டுமாக விற்கிற ப்ரீபில்ட் கேமிங் டெஸ்க்டாப்களில் இந்த விஷயம் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1993-இல் இன்டெல் கொண்டு வந்த பெண்டியம் சிப்புக்கு டேட்டா பஸ் 64 பிட். அந்தக் காலத்து 72 பின் சிம் மெமரியின் அகலம் 32 பிட். ஆகவே பெரும்பாலான பெண்டியம் போர்டுகளில் சிம்மை ஜோடி ஜோடியாகப் போட வேண்டும். ஒன்றை மட்டும் செருகினால் மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பிறகு 64 பிட் அகலமுள்ள டிம் வந்தது. ஒன்று போட்டாலே போதும் என்றாகிவிட்டது. ப்ராஸசரின் வேகம் ஏற ஏற அந்த 64 பிட் பாதையும் போதவில்லை. 2001-இல் என்விடியா தன் என்ஃபோர்ஸ் சிப்செட்டிலும், 2003-இல் இன்டெல் தன் 865, 875 சிப்செட்களிலும் இரண்டு 64 பிட் பாதைகளைச் சேர்த்து 128 பிட்டாக ஓட்டும் முறையைச் சாதாரண டி.டி.ஆர். மெமரிக்குக் கொடுத்தார்கள். இதற்குப் பெயர்தான் டூயல் சேனல். அன்றைய சிம்முக்கும் இன்றைய டிம்முக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அன்று ஜோடி இல்லையென்றால் மெஷின் ஓடாது, எனவே யாரும் ஏமாற வழியில்லை. இன்று ஒரு ஸ்டிக் போட்டாலும் மெஷின் சமத்தாக ஓடும். பாதி அகலத்தில் ஓடுகிறது என்று எந்த பீப் சத்தமும் அடிக்காது.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். கூடலூரிலிருந்து குமுளி போகும் வழியில் லோயர் கேம்ப்பில் நின்று மேலே பார்த்தால், மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி வருவது தெரியும். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக வந்து, அந்தக் குழாய்களில் பாய்ந்து, கீழே மின் நிலையத்தில் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு நம் வயலுக்கு வருகிறது. அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. ஒரு விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் கீழே வரும் என்பது வேறு கணக்கு. அணை நிறைந்து வழிந்தாலும் ஒரே ஒரு குழாயைத்தான் திறந்து வைத்தால், ஒரே ஒரு டர்பைன்தான் சுற்றும். மற்ற மூன்றும் சும்மா நிற்கும்.

ஜி.பி. என்பது அணையின் கொள்ளளவு. சேனல் என்பது குழாய். விளம்பரத்தில் கொள்ளளவு மட்டும்தான் பெரிய எழுத்தில் வரும்.

இனி கணக்குக்கு வருவோம். டி.டி.ஆர்.4-3200 என்றால் விநாடிக்கு 3200 மில்லியன் தடவை டேட்டா கைமாறுகிறது. ஒவ்வொரு தடவையும் 64 பிட், அதாவது 8 பைட். 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் 25,600. ஆக ஒரு சேனலில் விநாடிக்கு 25.6 ஜி.பி. போகலாம், இரண்டு சேனலில் 51.2 ஜி.பி. இதையே டி.டி.ஆர்.5-5600-க்குப் போட்டால் ஒரு ஸ்டிக்குக்கு 44.8, இரண்டுக்கு 89.6. இவை ஏட்டுக் கணக்கின் உச்சம்; நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனாலும் ஒன்றுக்கு இரண்டு என்கிற விகிதம் ஏறக்குறைய நிற்கும்.

அப்படியானால் கம்ப்யூட்டரே இரண்டு மடங்கு வேகமாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரு சொம்பு தண்ணீர் வேண்டும் என்று குழாயடியில் நிற்கிறவனுக்கு ஒரு குழாய் இருந்தால் என்ன, நான்கு இருந்தால் என்ன? தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வர எடுக்கும் நேரம் அதேதான். மெமரியில் அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு லேட்டன்ஸி என்று பெயர். டூயல் சேனல் அதைப் பாதியாக்குவதில்லை. ஒரே சமயத்தில் நிறையத் தண்ணீர் கேட்கும்போதுதான் அதன் பலன் தெரியும். மெமரி கன்ட்ரோலர் அடுத்தடுத்த முகவரிகளை இரண்டு சேனலிலும் மாற்றி மாற்றிப் பரப்பி வைக்கிறது. அதனால் பெரிய துண்டு டேட்டாவைக் கேட்டால் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வருகிறது.

ஆகவே வேர்டில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிப்பவருக்கும், ஆட்டோகேடில் 2டி டிராயிங் போடும் மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கும் ஒரு ஸ்டிக், இரண்டு ஸ்டிக் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கேம் ஆடுகிறவருக்குத் தெரியும். அதிலும் எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாது.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில்தான் அடி பலம். ரைசன் 5 5600ஜி போன்ற சிப்புகளில் கிராஃபிக்ஸும் ப்ராஸசருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று சொந்த மெமரி கிடையாது. ராமில்தான் கைவைத்தாக வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டில் இருக்கிற சொந்த மெமரி விநாடிக்கு 272 ஜி.பி. கொடுக்கிறது. அதோடு ஒப்பிட்டால் டூயல் சேனலின் 51.2-ஏ கஞ்சிதான். அதிலும் பாதியைப் பிடுங்கிவிட்டு, மீதி 25.6-ஐ ப்ராஸசரும் கிராஃபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்ளச் சொன்னால் கேம் நொண்டத்தானே செய்யும்? இப்படிப்பட்ட மெஷினை ஒரே ஸ்டிக்கோடு "கேமிங் பி.சி." என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பது அநியாயம் என்பது என் கருத்து.

தனி கார்டு உள்ள மெஷினில் விஷயம் இன்னும் நுணுக்கமானது. கார்டு முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போது ராம் பாதை பாதியாக இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. ப்ராஸசர் தடுமாறும் இடத்தில்தான் தெரியும். செட்டிங்ஸைக் குறைத்து வைத்து அதிக ஃப்ரேம் எடுக்கப் பார்க்கும் வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்களிலும், ஊர் முழுக்க வண்டியும் ஜனமும் ஓடுகிற கேம்களிலும் இது நடக்கும். சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை கொஞ்சம்தான் குறையும். ஆனால் நடு நடுவே ஒரு நொடி 'டக்'கென்று நின்று போகும். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நோய் பிடிபடாது. மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். "ஒன் பெர்சன்ட் லோ" என்று சோதனை செய்கிறவர்கள் சொல்வது இதைத்தான்.

என் தாய்மாமா மகன் விஷயத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். மாமாவுக்குக் கூடலூரில் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். ஒரு வெட்டுத் திராட்சை வித்த காசில், போன வருஷம் மகனுக்கு ஒரு ப்ரீபில்ட் வாங்கிக் கொடுத்தார். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு கல்யாண வீடியோ வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். கேம் ஆடவும்தான், அது வேறு விஷயம். மெஷின் வந்த வாரமே போன். "மாப்ள, நல்லாத்தான் ஓடுது, திடீர் திடீர்னு திக்குது. கடையில கேட்டா கார்டு பத்தலயாம், பெரிய கார்டா மாத்துங்கிறாங்க. அப்பாகிட்ட இன்னொரு தடவை எப்படிடா காசு கேக்குறது?" என்றான். நான் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினேன். "ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2" என்று இருந்தது. பெட்டியிலும் பில்லிலும் "16 ஜி.பி. டி.டி.ஆர்.5" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதே வேகத்தில் இன்னொரு 16 ஜி.பி. ஸ்டிக் வாங்கிப் போட்டோம். திக்கல் அடியோடு போகவில்லை; ஆடுகிறவனை எரிச்சல்படுத்தாத அளவுக்குக் குறைந்துவிட்டது. கார்டு மாற்றும் பேச்சு அதோடு நின்றது. மாமா மட்டும் "பதினாறுன்னு சொல்லித்தானேப்பா வித்தான், அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டார். லோயர் கேம்ப் குழாயைச் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? ஒரு காரணம் செலவு: ஒரு 16 ஜி.பி. ஸ்டிக் பெரும்பாலும் இரண்டு 8 ஜி.பி. ஸ்டிக்கைவிட மலிவாக முடியும், இருப்பு வைக்கவும் சுலபம். இன்னொரு காரணத்தில் நியாயமும் உண்டு. இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் ஒன்று காலியாக இருந்தால், பின்னால் பழையதைத் தூக்கிப் போடாமல் கூட்டிக்கொள்ளலாம். மேலும் டி.டி.ஆர்.5-இல் 8 ஜி.பி. ஸ்டிக்குகள் குறைவான சிப்களோடு வருவதால் உள்ளே பேங்க் குரூப்கள் பாதிதான்; அதனால் 16 ஜி.பி. ஸ்டிக்கைவிடச் சற்று மந்தம். ஆக, ஒரே ஸ்டிக் போட்டு விற்பது குற்றமென்று சொல்ல மாட்டேன். அதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

டி.டி.ஆர்.5 பற்றி இன்னொரு புரளியும் உலவுகிறது: "இதில் ஒரு ஸ்டிக்கே டூயல் சேனல்தான்" என்று. பாதி உண்மை. டி.டி.ஆர்.5 ஸ்டிக் ஒவ்வொன்றும் தலா 32 பிட்டாக இரண்டு சப்-சேனலாகப் பிரிந்திருக்கிறது. 32-ம் 32-ம் சேர்ந்தால் அதே பழைய 64 பிட்தான். கோரிக்கைகளைக் கொஞ்சம் திறமையாகக் கையாளலாமே தவிர, அகலம் கூடவில்லை. சி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளின் மெமரி பக்கத்தில் "2 x 32-பிட்" என்று காட்டினால் ஒரு ஸ்டிக். "4 x 32-பிட்" என்றால்தான் இரண்டு சேனலும் வேலை செய்கின்றன.

இரண்டாவது ஸ்டிக் போடப் போகிறவர்களுக்கு லேப் பாணியில் சில வார்த்தைகள். டி.டி.ஆர்.4-ம் டி.டி.ஆர்.5-ம் ஒன்றுக்கொன்று சேராது. நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தி நுழைக்கப் பார்க்காதீர்கள். வேகம் வேறு வேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும். அளவு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. 8-ம் 16-ம் போட்டால், இன்டெல் மெஷின்களில் எட்டும் எட்டும் சேர்ந்து 16 ஜி.பி. டூயல் சேனலில் ஓடும், மிச்ச 8 மட்டும் சிங்கிளில் ஓடும். நான்கு ஸ்லாட் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் செருகினால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துகொள்ளும். காசு கொடுத்தும் பலன் இல்லை. ப்ராஸசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் என்பது வழக்கம். போர்டு மேனுவலில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டுக் கை வையுங்கள். டி.டி.ஆர்.5 மெஷின் சில சமயம் முதல் தடவை சில நிமிடம் கறுப்புத் திரையிலேயே நிற்கும். புது மெமரியைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பதறி ஸ்விட்சை அணைக்க வேண்டாம். வாரன்டி உள்ள மெஷினில் கேபினட் சீல் இருந்தால், திறப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக விலை. 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு ஸ்டிக் விற்றுவந்த மைக்ரான் கம்பெனியே, அந்தச் சில்லறை வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில், "இப்போதைக்கு ஒன்று, பிறகு இன்னொன்று" என்று வாங்குபவர் அந்தப் பிறகு என்ன விலைக்கு வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எனக்குத் தோன்றுவது இதுதான்: தனி கார்டு இல்லாத மெஷினென்றால் முதல் நாளே இரண்டு ஸ்டிக். தனி கார்டு இருந்து, கையில் காசு குறைவென்றால் ஒரு 16 ஜி.பி.யோடு ஆரம்பிக்கலாம், ஆனால் கொள்ளளவைக் குறைத்து நான்கும் நான்குமாக டூயல் சேனல் தேடாதீர்கள். அணையே வற்றிக் கிடந்தால் குழாய் எத்தனை இருந்து என்ன பயன்?

இன்னொன்று. இன்டெல் என்100 சிப் போட்ட சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஹாஸ்டல் நண்பர்கள் சிலரும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிப்புக்கு மெமரி சேனலே ஒன்றுதான். அதற்கு இரண்டாவது சேனல் தேடி யாரும் அலைய வேண்டாம்.