தேயிலை யார் பட்டியலில்?

அன்புள்ள தங்கச்சிக்கு,

மத்திக்கு அதிகாரமா, மாகாணத்துக்கா என்ற வாதம் வடக்கு கிழக்கில் பிறந்தது என்றே பதுளையில் பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் குரல்களில் ஒன்று எழுந்தது மலைநாட்டில்.

நம் பதுளை இருக்கும் ஊவா, கண்டி இராச்சியத்தின் பகுதி. 1815இல் பிரித்தானியர் அதைக் கைப்பற்றிய பிறகும் கண்டிப் பிரதேசங்களுக்குத் தனி நிர்வாகம் இருந்தது. 1833இல் அதை ஒழித்து, தீவு முழுவதையும் ஐந்து மாகாணங்களாக்கிக் கொழும்பின் கீழ் கொண்டுவந்தார்கள். ஊவா தனி மாகாணமானது 1886இல்தான்.

மத்தியும் மாகாணங்களும் அதிகாரத்தைப் பகிரும் சமஷ்டிதான் இலங்கைக்குப் பொருந்தும் என்று 1926இல் வாதிட்டவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அடுத்த ஆண்டு அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவிடம் கண்டியச் சிங்களத் தலைவர்களும் சமஷ்டி கேட்டார்கள். கரையோரச் சிங்களவர் தங்களை விழுங்கிவிடுவார்கள் என்று பயந்தார்கள். தோட்டத் தமிழருக்கு வாக்குரிமை கிடைப்பதையும் அஞ்சினார்கள். இந்த இரண்டாவது பயத்தைக் கவனி. அன்று அந்தச் சமஷ்டி வந்திருந்தால், பசறையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து பறித்தவர்கள் தங்கள் வாக்கைக் கண்டு மிரண்டவர்களின் ஆட்சிக்குள்ளேயே இருந்திருப்பார்கள்.

கொழும்பு மட்டும் காப்பாற்றியதா? இல்லவே இல்லை. 1947 தேர்தலில் எஸ். தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போனார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையோடு வாக்குரிமையும் பறிபோனது. 1952இல் தொண்டமானின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. அந்தப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்தவர்கள்தான் 1949இல் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். இதை மலையகப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

1957இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். பிராந்திய சபைகள் வடக்கு கிழக்குக்கு; மலையக மக்களுக்கு, பிரஜாவுரிமைச் சட்டத்தை விரைவில் கவனிப்பதாக ஒரு வாக்குறுதி மட்டும். மறுவருடமே ஒப்பந்தம் கிழிந்தது.

1987இல் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. அதன் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள்: மாகாணத்துக்கு, மத்திக்கு, இருவருக்கும் பொது. மாகாணப் பட்டியலில் ‘விவசாயம்’ என்ற இடத்துக்கு வா. விவசாயம் மாகாணத்துக்கு, ஆனால் பெருந்தோட்ட விவசாயம் நீங்கலாக! ஊவா மலைகளை மூடிக் கிடக்கும் தேயிலை ஊவா மாகாண சபையின் கைக்கு வரவே இல்லை.

அதற்குக் கீழே இன்னொரு வேலி. தோட்டத்து ரோட்டுக்கும் லயத்துக்கும் செலவழிக்கப் பிரதேச சபைக்குச் சட்டம் இடம் தரவில்லை. தோட்டத்து எல்லை வரை தார், அதற்கப்பால் குழியும் கல்லும். லயத்துச் சனம் சபைக்கு வாக்குப் போட்டது, சபையின் பணம்தான் லயத்துக்கு வரவில்லை. அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 2018இல். 2014 செப்டம்பர் தேர்தலில் தெரிவான ஊவா மாகாண சபையின் பதவிக்காலமோ 2019இல் முடிந்தது. அதன்பின் மாகாணத்தை ஆளுநர் நடத்தினார்.

உன் தோட்டத்து ரோட்டை இன்று யார் போட வேண்டும், தோட்ட நிர்வாகமா, பிரதேச சபையா? சபை அலுவலகத்தில் எழுத்தில் கேள். வரும் பதிலை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்