பிள்ளையின் பசியை யாரிடம் கேட்பது?

"பசியாறியாச்சா?" என்று நாம் கேட்டால் பட்டினிப் பிள்ளையும் "ஆச்சு" என்றே சொல்லும். பசியை அளப்பதிலுள்ள சங்கடம் இதுதான்.

எடையும் உயரமும் பார்த்தால் போதாதா? உடல் மெலியும் முன்பே பசி வந்துவிடுகிறதே!

அமெரிக்க அரசாங்கம் 1995-இல் தொடங்கிய குடும்ப உணவு ஆய்வின் 18 வினாக்களில் 8 பிள்ளைகளைப் பற்றியவை. அவற்றுக்கும் விடையளித்தோர் பெரியவர்களே. 2011-இல் வெளியான தென் கரோலினா ஆய்விலோ பிள்ளைகளையே கேட்டார்கள். வீட்டில் பண்டம் தீர்வதையும் பெற்றோரின் கவலையையும் அவர்கள் அறிந்திருந்தனர்; பிறருக்கு மிஞ்சட்டுமென்று தாம் குறைத்து உண்டோரும் உண்டு. இதைப் பெற்றோர் எப்போதும் அறிந்திருக்கவில்லை.

12 வயதுக்கு மேற்பட்டோர் தாமே நிரப்ப 9 வினாத்தாள் ஒன்றுண்டு. சென்ற மாதம் பணமின்றி உணவு குறைந்ததா? பலமுறை, சில வேளை, இல்லவே இல்லை: மூன்றே விடைகள். பக்கத்தில் தாயார் நின்றால் விடை மாறிவிடுமென்றே நமக்குத் தோன்றுகிறது.