'இஸ்கூல்' என்பது பிழையோ?

சென்ற ஆண்டு நம் விடுதிக்குத் தம் மகனைக் காண வந்த முதியவர் ஒருவர் 'இஸ்கூல்' என்று கூறக் கேட்டு நாம் நகைத்தோம். அந்நகை தகுமோ என்பதை அச்சொல்லின் வரலாறு கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

கிரேக்கத்தில் 'ஸ்கொலே' என்பதன் முதற்பொருள் ஓய்வு. ஓய்வில் நிகழும் கல்வியுரையாடலையும், பின்னர் அது நிகழும் இடத்தையும் அச்சொல் குறிக்கலாயிற்று. இலத்தீன் அதனை 'ஸ்கொலா' எனக் கடன்கொண்டது. இலத்தீனின் சேய்மொழிகள் அதனை மரபுரிமையாகவும், பிற ஐரோப்பிய மொழிகள் பல கடனாகவும் பெற்றன.

இத்தாலியர் முதலெழுத்தை மாற்றாது 'ஸ்குவோலா' என்பர். ஜெர்மானியர் முன்னின்ற இரு மெய்யொலிகளையும் ஒன்றாக்கி 'ஷூலே' என்பர். வேறு சிலர்க்கோ, சொல்லின் முதலில் இவ்விரு மெய்களும் இணைந்து நிற்றல் நாவுக்கு இடராயிற்று. அவ்விடர் நீங்க அவர் கண்ட வழிகள் இரண்டு.

ஒன்று, உயிரெழுத்தொன்றை முன்வைத்தல். ஸ்பானியர் 'எஸ்குவேலா' என்றும், வேல்ஸ் நாட்டார் 'அஸ்கோல்' என்றும், ஹங்கேரியர் 'இஷ்கோலா' என்றும் வழங்குவர். பிரெஞ்சிலும் பண்டு எகரமும் ஸகரமும் சேர்ந்தே நின்றன. பின்னர் ஸகரம் தேய்ந்து மறைய, இன்று 'எகோல்' என வழங்குகிறது. துணையாக வந்த எகரம் நிலைபெற, துணை வேண்டிய ஸகரம் ஒழிந்தமை வியப்பன்றோ!

மற்றொன்று, முதல் மெய்யை விடுத்தல். ஸ்வீடிய மொழிவழி இச்சொல்லைப் பெற்ற பின்லாந்தினர் ஸகரத்தைக் களைந்து 'கொவுலு' என்றனர்.

இனி நம் மொழியை நோக்குவோம். தனிமெய் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் நெறி. வடசொற்களின் முன் உயிரெழுத்து வந்து துணைநிற்றலைப் பவணந்தியார் நன்னூலில் விதித்துள்ளார். 'ராமன்' இராமனானதும் 'லோகம்' உலோகமானதும் அவ்விதியாலேயாம். அந்நூலைப் பாடமாகக் கற்கும் நாம், 'இராமன்' என்று எழுதுங்கால் செம்மை என்கிறோம். 'இஸ்கூல்' என்று கேட்குங்கால் நகைக்கிறோம். நூல் கல்லாத அம்முதியவர் நாவோ, நெறி பிறழாது நின்றது.

ஹங்கேரியரின் 'இஷ்கோலா' அவர்தம் அகராதியில் இடம் பெற்றது. அதே முறையிற் பிறந்த முதியவரின் சொல் நம் ஏளனத்தையே பெற்றது. பிழை அவர் நாவினதன்று, நம் செவியினதே. ஆதலின், மொழியாராய்ச்சி பயிலும் நண்பர்காள், ஒருவர் சொல்லை இகழுமுன் அதற்குக் காரணம் உண்டோவெனத் தேடுவோமாக.