கொடியில் ஓடும் குருதி

காரியவட்டத்தில் பயிலும் நண்பர்களே! கழக்கூட்டம் நிலையத்தில் நில்லாமல் விரையும் இரயிலின் ஊதலைக் கேட்டிருப்பீர்கள். நெருங்குகையில் அதன் சுருதி உயர்ந்திருக்கும், கடந்ததும் தாழும். அலைகளின் இவ்வியல்பை 1842-இல் ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் எடுத்துரைத்தார். அதே விதி இன்று கருவிலுள்ள குழந்தையைக் காக்க உதவுகிறது.

உடலின் காவற்படையே உடலைத் தாக்கும் நோய் லூபஸ். இது பெரிதும் இளம் பெண்களையே பற்றுகிறது. கருவுற்ற தாய்க்கு இந்நோய் இருப்பின், நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் அடைபடக்கூடும். அடைபட்டால் குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் குறையும். இதை எவ்வாறு அறிவது?

தாயின் வயிற்றின்மேல் கருவியை வைத்து மீயொலியைச் செலுத்துவர். அது கொப்பூழ்க்கொடியில் ஓடும் குருதியணுக்களில் பட்டுத் திரும்பும். திரும்பிய ஒலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து ஓட்டத்தின் வேகம் புலனாகும். டப்ளின் நகர ஆய்வாளர்கள் 1977-இல் இம்முறையை வெளியிட்டனர்.

குழந்தையின் இதயம் சுருங்கும்போது குருதி பாய்கிறது. தளரும்போதும் அது முன்னோக்கி ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். தளரும் வேளையில் ஓட்டம் குறைந்தால் எச்சரிக்கை, நின்றால் ஆபத்து, பின்னோக்கித் திரும்பினால் பேராபத்து. கருவின் வயதையும் எண்ணிப் பார்த்து, பேற்றுக்குரிய நாளை மருத்துவர் முடிவு செய்வார்.

லூபஸ் உள்ளவளுக்குத் தாய்மையே கூடாது என்னும் பேச்சு தவறு. நோய் ஆறு திங்களேனும் அடங்கியிருந்தபின் கருவுற்று, மருத்துவர் தரும் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், இச்சோதனையையும் காலத்தில் செய்துகொண்டு பலர் நலமான குழந்தையைப் பெறுகின்றனர். இதை நம் வீட்டாருக்கு எடுத்துரைப்பது கற்ற நம் கடமையன்றோ?