தேய்ந்த அரத்தில் ஒரு சமையல் கத்தி

1928இல் பொன்மலையில் ரயில்வே பணிமனை வந்தது. 1965இல் திருவெறும்பூர்ப் பக்கம் பெல் ஆலை, அடுத்த ஆண்டே துப்பாக்கித் தொழிற்சாலை. துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் லேத்துப் பட்டறைகள் பெருகின. இப்படி ஃபிட்டர் வேலை நிறைந்த ஊரில் தேய்ந்த அரத்துக்குப் பஞ்சம் இருக்காது. பல் மழுங்கிப்போன அரத்தைக் காயலான் கடையில் எடைக்கு எடுத்து, கட்டுக்கம்பித் துண்டுகளோடு ஒரே குவியலில் போட்டுவிடுகிறார்கள். பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. கட்டுக்கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது. நல்ல அரத்தில் சுமார் 1.2 சதவீதம். காவிரியில் வந்து சேரும் நொய்யலின் கரையில், கொடுமணலில், பழங்காலத்து எஃகு உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819இல் எடுத்து ஆராய்ந்த இந்திய உருக்கும் கார்பன் மிகுந்ததுதான். அந்த இனத்து எஃகு இன்று கிலோக் கணக்கில் கிடைக்கிறது.

ஆலையிலேயே தோய்ச்சல் போட்டுத்தான் அரம் விற்பனைக்கு வருகிறது. அந்தக் கடினத்தைக் கெடுக்காமல், நொறுங்கும் குணத்தை மட்டும் குறைத்துவிட்டு, தேய்த்தே கத்தியாக்கலாம். உலையும் சம்மட்டியும் தேவையில்லை. பட்டறையில் பழுக்கக் காய்ச்சி அடித்துச் செய்வதும் அருமையான வேலைதான். ஆனால் சூட்டைக் கண்ணால் அளந்து திரும்பத் தோய்ச்சல் போடப் பல வருடக் கைப்பழக்கம் வேண்டும். முதல் கத்திக்கு அந்த வழியில் போகாதீர்கள்.

இங்கே நாம் செய்யப்போவது ஐந்தங்குல அலகுள்ள வீட்டுக் கத்தி. வாழைக்காய் சீவ, தண்டு நறுக்க, இலையை நறுவிசாகத் துண்டு போட அந்த நீளம் தாராளம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்துச் சமையலறையில் இந்த மூன்றும் அடிக்கடி வரும் வேலைகள்.

அரத்தைத் தேர்ந்தெடுப்பது

பத்தங்குலத் தட்டை அரம் எடுங்கள். அதன் அகலம் சுமார் 25 மில்லிமீட்டர், கனம் 6 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளம் பள்ளமாகத் துரு ஏறியதும், குறுக்கே மயிரிழை விரிசல் தெரிவதும் வேண்டாம். மலிவான சில அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினம், உள்ளே சாதா இரும்பு. சோதிக்க வழி உண்டு. கண்ணாடி அணிந்துகொண்டு, நுனியில் மூன்று சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி வைஸில் இறுக்கி, கனத்த சாக்கைப் போர்த்திச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடியுங்கள். வெடுக்கென்று ஒடிந்து, முறிவு முழுக்க ஒரே சாம்பல் நிறத்தில் பொடிமணியாகத் தெரிந்தால் நல்ல அரம். வளைந்து கொடுத்தாலோ, ஓரம் ஒரு மாதிரியும் நடு வேறு மாதிரியும் இருந்தாலோ குவியலிலேயே போட்டுவிடுங்கள்.

பதம் இறக்குவது

இதில் அவசரம் ஆகாது. கத்தியின் ஆயுள் இங்கேதான் முடிவாகிறது. புது அரத்தின் கடினத்தோடு அப்படியே கத்தி செய்தால் கீழே விழுந்ததும் ஒடியும். முதலில் கம்பிப் பிரஷ்ஷால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். பழைய அரத்தில் ஈயமும் கிரீஸும் அடைந்திருக்கலாம், அது அடுப்புக்குள் போகக் கூடாது. ஒரு பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குப் பல்லைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குங்கள்.

பிறகு மின் அடுப்பில், அதாவது கேக் சுடும் ஓடிஜியில், மணல் பரப்பிய தட்டுக்குள் அரத்தைப் புதைத்து 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். வீட்டு அடுப்பின் திருகில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. தனி அடுப்பு வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். மணல் சூடேற நேரம் எடுப்பதால், வெப்பமானியின் முனையை மணலுக்குள் செருகி, அது 200 காட்டிய பிறகே மணி பார்க்கத் தொடங்குங்கள். தானாக ஆறவிட்டு, இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள். பளபளத்த இடம் வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தால் பதம் சரி. அடர் பழுப்பானால் கொஞ்சம் கூடிவிட்டது. ஊதாவும் நீலமும் 270 டிகிரிக்கு மேலே வரும் நிறங்கள். ஸ்பிரிங்குக்கு அது நல்லது, வெட்டுவாய்க்கு ஆகாது.

தேய்ப்பது

அட்டையில் உருவம் வெட்டி, அரத்தின் மேல் வைத்து மார்க்கரால் வரையுங்கள். அரத்தின் வால் கத்தியிலும் வாலாகவே இருக்கட்டும். ஆலையில் அந்தப் பகுதியைக் கடினப்படுத்தாமல் விடுவார்கள் என்பதால் அது பிடிக்குள் ஒடியாமல் தாங்கும். வாலும் அலகும் சேருமிடத்தில் கூர்மூலை வரக் கூடாது, வளைவாக விடுங்கள். விரிசல் தொடங்குவது அந்த மூலையில்தான்.

ஆங்கிள் கிரைண்டரால் உருவத்தை வெட்டி, பெஞ்ச் கிரைண்டரிலோ பெல்ட்டிலோ இரு பக்கப் பல்லையும் முழுக்க எடுங்கள். அழகுக்காகப் பல்தடம் விட்டால் அதில் வாழைக்கறை அடையும், துருவும் பிடிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். கையுறை வேண்டாம், சுழலும் கல் அதைக் கவ்வி இழுக்கும், சூடும் விரலுக்குத் தெரியாது. விரல் சுடுகிறது என்றதும் தண்ணீரில் முக்குங்கள். மெல்லிய ஓரம் கண் இமைக்கும் நேரத்தில் நீலம் பாயும். பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் போனது போனதுதான். நீலம் தாண்டி உள்ளே வரை தேய்த்து எடுக்க வேண்டும். தூசுக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. வேட்டி நுனி, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி எதுவும் கல்லருகே வரக் கூடாது.

முதுகு 3 மில்லிமீட்டரும் வாய் அரை மில்லிமீட்டரும் ஆகும்வரை இரு பக்கமும் மாறி மாறிச் சரித்துக்கொண்டே போங்கள். பிறகு மரத்துண்டில் உப்புத்தாள் சுற்றி 120, 220, 400 என்று ஏறுவரிசையில் கையால் இழையுங்கள். அலுப்பான வேலை என்றாலும் குறுக்குக் கீறல்கள் மறைய வேறு வழியில்லை.

பிடி

நன்றாகக் காய்ந்த பூவரசு, புளி, வேம்பு எதுவும் ஆகும். உள்ளங்கை நிறையும்படி செதுக்கி, முன்முனையில் பித்தளைப் பூண் ஏற்றுங்கள்; மரம் பிளக்காமல் காப்பது அதுதான். வால் குறுகிப் போவதால் துளையை முதலில் சிறு பிட்டில் ஆழமாகவும், பிறகு பெரிய பிட்டில் வாயருகேயும் போடுங்கள். அரால்டைட் ஊற்றி வாலைச் செருகி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள்.

கூர் தீட்டுவது

தண்ணீர்க் கல்லில், ஒரு பக்கத்துக்கு 15 முதல் 18 டிகிரி சாய்வில், மறுபக்கம் விரலில் பிசிறு தட்டும்வரை தேய்த்துப் பின் திருப்புங்கள். இந்தக் கத்தியை உலர் சக்கரத்தில் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டாம். பார்த்துக் காத்த பதம் பொறியாகப் பறந்துவிடும். வாழைக்காய்ப் பாலும் புளியும் பட்டால் அலகு கறுக்கும். அதனால் கெடுதல் இல்லை. கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் துரு வராது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டு வேலைக்கல்லாத கத்திகள் ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வரும். நம்முடையது அந்த அளவைத் தொடாது. இருந்தாலும் பையில் போட்டுக்கொண்டு வெளியே சுற்றக் கூடாது.

ஒரு வாரம் சமையலில் பயன்படுத்திய பிறகு விளக்கு வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். சின்னச் சின்னப் பொக்கை விழுந்திருந்தால் கடினம் அதிகம்; பிடியை ஈரத் துணியால் சுற்றினாலும் அடுப்புச் சூட்டைப் பசை தாங்காது என்பதால், பிடியைப் பிளந்து கழற்றி 215 டிகிரியில் மறுபடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டியிருக்கும். அந்த வேலையைத் தவிர்க்க, பிடி போடும் முன்பே கூர் தீட்டி ஒரு காய்ந்த மூங்கில் துண்டைச் செதுக்கிப் பார்த்துவிடுங்கள். வாய் பொக்கை விழாமல் ஒரு பக்கம் மடிந்தால் தேய்க்கும்போது சூடேறியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தேய்த்துப் புது வாய் எடுங்கள்.